சரி சொன்னவர் தோற்றவர்

வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் ஐஸ்காரர் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செலவழித்துவிடுவார். மற்ற நாட்களில் அவர் வாயைத் திறக்க வேண்டுமென்றால் பல் டாக்டர்தான் வர வேண்டும் என்று வணிக வளாகத்துக் காவலாளிகள் கேலி பேசுவார்கள். அவர்கள் விளையாட்டுக்குச் சொன்னது கிட்டத்தட்ட உண்மை. அவர் வாயைத் திறக்க வைத்தவன் ஒரு பல்லுக்காரன்.

முதலில் ஐஸ்காரர் யாரென்று சொல்லிவிடுகிறேன். குச்சி ஐஸ் விற்பவர் இல்லை. அந்த வளாகத்தின் கீழ்த்தளத்தில் பனிச்சறுக்குத் தளம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் கத்தியும் விழுந்தும் கீறிவைத்துவிட்டுப் போன பனியின் மேல், சின்ன லாரி போன்ற ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டு போவது அவர் வேலை. வண்டியின் அடியில் இருக்கும் நீளக் கத்தி மேல்பரப்பைச் சீவும். பின்னால் தொங்கும் துணி சுடுதண்ணீரைப் பூசிக்கொண்டே வரும். பனிக்கு எதற்குச் சுடுதண்ணீர் என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். சுடுதண்ணீர்தான் கீறலுக்குள் இறங்கி மட்டமாக உறையும். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் "அது அப்படித்தான்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

பல்லுக்காரன் அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பொய்ப்பல் செய்து கொடுக்கிற தொழில். வீட்டின் கீழ்ப்பகுதி முழுக்கப் பட்டறை, மாடியில் குடியிருப்பு. மச்சினன் என்று சொன்னேனே, அதில்தான் சிக்கல். ஐஸ்காரருக்கு விவாகரத்தாகி நாலு வருஷமாகிறது. மனைவி இல்லையென்று ஆனபின் மனைவியின் தம்பி என்ன முறை? கோர்ட்டில் வீட்டைப் பிரித்தார்கள், பாத்திரம் பண்டத்தைப் பிரித்தார்கள். மச்சினன் யாருக்கு என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அதனால் அவன் பாட்டுக்கு "அத்தான்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான், இவர் பாட்டுக்கு "மாப்ளே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளை குட்டி கிடையாது. உடன்பிறப்பும் இல்லை. கணக்குப் பார்த்தால், இந்த உலகத்தில் ஐஸ்காரரை முறை சொல்லிக் கூப்பிட ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். வேலை முடிந்து அறைக்கு வந்து, சட்டையைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, காலையில் வைத்த இடத்திலேயே இருக்கும் தம்ளரைப் பார்க்கும்போது அவருக்கு அது நன்றாகவே தெரியும்.

"அத்தான்" என்ற அந்தச் சொல்லுக்கு இந்த வருஷம் ஆபத்து வந்துவிட்டது. போன மாதம் அவருடைய பழைய மனைவிக்குப் பதிவு அலுவலகத்தில் மறுமணம் நடந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர் என்றுதான் கேள்வி. ஆக, பல்லுக்காரனுக்கு முறைப்படி ஒரு புது அத்தான் வந்தாயிற்று. ஒரு வீட்டில் இரண்டு அத்தான் எப்படி இருக்க முடியும் என்று ஐஸ்காரர் ஒரு மாதமாக வண்டி ஓட்டிக்கொண்டே யோசித்தார். வண்டி வட்டமாகத்தான் போகும். யோசனையும் அப்படித்தான் போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை விஷயம் இதுதான். வருஷா வருஷம் ஐஸ் ஹாக்கி உலகப் போட்டி தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு மத்தியானம், இருவரும் பட்டறையில் உட்கார்ந்து எந்த நாட்டு அணி தேறும், எது தேறாது என்று சண்டை போடுவார்கள். நம் நாட்டு அணி அந்தப் போட்டிக்குள் எட்டிப் பார்த்ததே கிடையாது. அது ஒரு வசதி. சொந்தம் பந்தம் இல்லாத அணிகளுக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தொண்டை கிழியக் கத்தலாம். சறுக்குத் தளத்தில் செருப்பு வாங்கி வைக்கும் இடத்துக்கு மேலே மாட்டியிருந்த தொலைக்காட்சியில் தற்செயலாக ஒரு ஆட்டம் பார்க்கப்போய், இரண்டு பேருக்கும் பிடித்துக்கொண்ட பைத்தியம் அது.

சண்டைக்கு ஒரே ஒரு விதிதான். எதிராளி சொல்வதைக் கேட்டு எவன் முதலில் "சரி" என்கிறானோ அவன் தோற்றான், அதோடு அந்த வருஷத்து ஆட்டம் முடிந்தது. இத்தனை வருஷத்தில் இரண்டு பேருமே அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் படியிறங்கி வந்து, "டீ ஆறுது, போதும் உங்க சண்டை" என்று விரட்டினால்தான் எழுந்திருப்பார்கள்.

இதில் ஒரு கொடுமை உண்டு. மச்சினனிடம் உயிர்போனாலும் சொல்லாத "சரி"யை, மனைவியிடம் ஐஸ்காரர் வாரி இறைத்தார். வீடு மாற்றலாமா என்றால் சரி. ஊருக்குப் போகலாமா, சரி. நான் கொஞ்ச நாள் தம்பி வீட்டில் இருக்கட்டுமா? அதற்கும் சரி. "என் தம்பிகிட்ட பேசுறதுல பத்துல ஒரு பங்கு என்கிட்ட பேசியிருந்தா, நான் ஏன் போறேன்?" என்று கடைசியாக அவள் கேட்டாள். அதற்கும் இந்த மனுஷன் "சரிதான்" என்று சொல்லித் தொலைத்தார். அவரைக் குறை சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

விவாகரத்துக்குப் பிறகும் ஞாயிறு நிற்கவில்லை. அவள் மாடியிலேயே இருந்துகொள்வாள், டீ தம்பி கையில் இறங்கி வரும். இந்த வருஷம் என்ன ஆகுமோ என்று ஐஸ்காரர் பயந்துகொண்டிருந்தபோதுதான் போன் வந்தது.

"ஞாயித்துக்கிழமை வந்துடுங்க. வழக்கம்போலதான்."

"வராம எங்க போகப்போறேன், மாப்ளே?"

"அது... இன்னொருத்தரும் கூட இருப்பாரு. பரவாயில்லல்ல?"

"இருக்கட்டுமே."

போனை வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. எடுத்ததும் "அத்தான்" என்பானே, சொல்லவில்லை. வைக்கும்போதும் சொல்லவில்லை. அவசரத்தில் விட்டிருப்பான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் லாட்வியாவுக்கான வாதங்களை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். இந்த வருஷம் அவர் லாட்வியா பக்கம். பல்லுக்காரன் எப்போதுமே ஃபின்லாந்து, அதில் மாற்றமில்லை. முதல் நாள் முதல் ஆட்டமே இந்த இரண்டுக்கும்தான். இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்துவைத்தார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பட்டறையில் எல்லாம் அப்படியே இருந்தது. பிளாஸ்டர் தூசி, உருகின மெழுகின் வாசனை, பல்லை மெருகேற்றும் சக்கரம், அலமாரி முழுக்க யார் யாருடைய வாயோ. நடு மேசையை ஈரத்துணியால் துடைத்து மைதானமாக்கியிருந்தான். இவர்கள் பழக்கம் அது. வேலை முடிந்த பிளாஸ்டர் அச்சுகள்தான் ஆட்டக்காரர்கள். கடைவாய்ப் பல் அச்செல்லாம் தடுப்பாட்டம், முன்பல் அச்செல்லாம் முன்னணி. கோல்கீப்பர் மட்டும் ஒரு முழுப் பல்செட். யாரோ ஒருவர் செய்யச் சொல்லிவிட்டு வாங்க வராமலே போய்விட்டார். வாயை மூடிவைத்தால், பந்துக்குப் பதிலாக அடிக்கும் வட்டு உள்ளே போகாது என்பது பல்லுக்காரனின் பழைய நகைச்சுவை.

மாறியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஜன்னலோர முக்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அது ஐஸ்காரரின் முக்காலி. ஒரு கால் கட்டை என்பதால் அடியில் ஒரு பிளாஸ்டர் துண்டை அவரே சொருகிவைத்திருந்தார். கண்ணாடிக்காரர் சட்டென்று எழுந்து நின்றார்.

"வாங்கண்ணே, உக்காருங்க. உங்களப் பத்தி நிறையச் சொல்லியிருக்காங்க."

யார் சொன்னார்கள், என்ன சொன்னார்கள் என்று ஐஸ்காரர் கேட்கவில்லை. "நீங்க இருங்க, இருங்க" என்று சொல்லிவிட்டு, மெருகேற்றும் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகு சுவரில் இடித்தது.

"எனக்கு இந்த விளையாட்டப் பத்தி ஒண்ணுமே தெரியாதுண்ணே" என்றார் கண்ணாடிக்காரர். "அந்தக் கறுப்பு வட்டு எங்க போகுதுன்னே கண்ணுக்குத் தெரியல."

"கண்ணாடிக் கடை வச்சிருக்கிறவரே இப்படிச் சொன்னா?" என்றார் ஐஸ்காரர்.

மூவரும் சிரித்தார்கள். பல்லுக்காரன் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். ஐஸ்காரருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல இருந்தது. பயந்த அளவுக்கு மோசமில்லை. பல்செட்டை எடுத்து மேசையின் ஒரு ஓரத்தில் வைத்து, அச்சுகளை வரிசைப்படுத்தினார்.

"இது லாட்வியா. சின்ன நாடு, சின்ன அணிதான். ஆனா கோல்கீப்பரப் பாரு. அவன் மட்டும் நின்னாப் போதும். ஃபின்லாந்து நாளெல்லாம் அடிச்சாலும் உள்ள போகாது. என்ன சொல்ற?"

வழக்கமாக இந்த இடத்தில் பல்லுக்காரன் மேசையில் தட்டுவான். ஒரே ஆளை நம்பி ஒரு அணியா என்பான். இன்றைக்குத் தலையைத் தடவிக்கொண்டான்.

"அதுவும் ஒரு வகையில சரிதான்."

ஐஸ்காரருக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை.

"என்ன சொன்ன?"

"இல்ல, நீங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. நல்ல கோல்கீப்பர்தான்."

விதி ஞாபகமில்லாமல் சொல்லிவிட்டானா? இருக்காது. விதியைப் போட்டவனே அவன். ஐஸ்காரர் அதைக் கேட்காத மாதிரி விட்டுவிட்டு, ஸ்வீடனுக்குப் போனார்.

"ஸ்வீடன்காரங்க அழகா ஆடுவாங்க. சட்டை கசங்காம ஆடுவாங்க. போட்டோவுக்கு நிக்க வந்த மாதிரி. சட்டை கசங்காம எவன்டா கப்பு வாங்குவான்?"

"வாங்கறது கஷ்டம்தான்."

"செக் அணி? பாதி ஆட்டம் வரைக்கும் புலி, அப்புறம் தூக்கம்."

"ஆமாமா."

கண்ணாடிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சண்டைன்னு சொன்னீங்க, ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானே சொல்றீங்க?" என்று அப்பாவியாகக் கேட்டார்.

ஐஸ்காரருக்கு முகம் சுட்டது. கடைசியாக ஒரு சோதனை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஹாக்கி என்றால் என்னவென்று தெரியாதவன்கூடச் சிரிக்கிற மாதிரி ஒன்றைச் சொன்னார்.

"இந்த வருஷம் கனடாதான் கடைசி இடம். எழுதி வச்சுக்கோ."

பல்லுக்காரன் அவரைப் பார்க்காமல், ஒரு கடைவாய்ப் பல் அச்சின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான்.

"இருக்கலாம்" என்றான்.

அவ்வளவுதான், ஐஸ்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இது பரிதாபம். வீட்டுக்கு வந்த ஆளின் மனசு கோணக்கூடாது என்கிற உபசாரம். வேண்டாதவரிடம் இப்படி நடந்துகொள்ள மாட்டார்கள். வேண்டியவரிடமும் மாட்டார்கள். இனிமேல் என்ன முறை என்று தெரியாதவரிடம்தான் எதற்கெடுத்தாலும் ஆமாம் போடுவார்கள். வந்ததிலிருந்து அவன் தன்னை எப்படிக் கூப்பிட்டான் என்று நினைத்துப் பார்த்தார். கூப்பிடவே இல்லை. "வாங்க", "உக்காருங்க", "நீங்க" என்று முறைப்பெயர் வர வேண்டிய இடத்தையெல்லாம் பள்ளத்தைத் தாண்டுவதுபோலத் தாண்டிக்கொண்டே இருந்தான். பாவம், அவனுக்கும் வியர்த்திருந்தது.

எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் வருஷத்துக்கு ஒருநாள் பேசுகிறவர், அதையும் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. அவனைச் சண்டைக்கு இழுக்க ஒரே வழிதான் இருந்தது. அது கொஞ்சம் கேவலமான வழி. தெரிந்தேதான் செய்தார்.

"உண்மையச் சொல்லட்டுமா? உன் ஃபின்லாந்து இருக்கே, அது டிஃபன்ஸே இல்ல. பயம். அஞ்சு பயந்தாங்கொள்ளிங்க சேந்து நின்னா அதுக்குப் பேரு டிஃபன்ஸா? முதல் கோல் வாங்கிட்டா கைகால் ஓடாது. வீட்டுக்கு வழி தெரியாத பசங்க மாதிரி முழிப்பானுங்க. இவ்வளவு வருஷமா நீ தூக்கி வச்சுக் கொண்டாடுறது ஒரு கோழைப் பட்டாளத்த."

பல்லுக்காரனின் கை அச்சின் மேலேயே நின்றது. காது மடல் சிவந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் ஐஸ்காரருக்கு உயிர் வந்தது.

"யாரு கோழை? யாரு?" மேசையில் ஓங்கித் தட்டினான். லாட்வியாவின் இரண்டு கடைவாய்கள் கவிழ்ந்தன. "சும்மா வாய்க்கு வந்தத பேசாதீங்க அத்தான்! அஞ்சு பேரு ஒரே மூச்சுல நகர்றது பயமா? எதிராளி மூணு தடவ அடிக்கட்டும்னு விட்டு, நாலாவது தடவ வட்டப் பிடுங்கிட்டுப் போறது பயமா? நீங்க வருஷத்துக்கு ஒரு நாட்டுக்குத் தாவுவீங்க. போன வருஷம் ஸ்லோவாக்கியா, அதுக்கு முன்னால டென்மார்க். நான் ஒரே இடத்துல நிக்கிறேன்!"

அத்தான். சொல்லிவிட்டான். சொன்னது அவனுக்கே தெரியவில்லை. ஐஸ்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை மறைக்க அவரும் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஒரே இடத்துல மாடுகூடத்தான் நிக்கும்!"

பிறகு நடந்தது பழைய ஞாயிற்றுக்கிழமை. அச்சுகள் பறந்தன, பல்செட் ஒருமுறை கீழே விழுந்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அந்த வாய் வழியாக வட்டு போயிருந்தால் கோல் கணக்கா இல்லையா என்று தனியாக ஒரு வழக்கு நடந்தது. கனடா கடைசி இடம் என்று சொன்னதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டார். "கனடா ஆளுங்க நட்சத்திரமா இருந்து என்ன, சேந்து ஒரு நாள் சாப்பிட்டிருக்க மாட்டானுங்க" என்று இவர் சமாளித்தார். ஸ்விட்சர்லாந்து எல்லாரையும் ஓடவிட்டுக் கடைசியில் தானே களைத்துப்போகும் என்றான் அவன். கண்ணாடிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நடுநடுவே "ஏன் அப்படி?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார். ஐஸ்காரருக்கு அவரைப் பிடித்துக்கூடப் போயிற்று. ஒரு அணியில் இரண்டு கோல்கீப்பர் இருப்பதில்லையா, ஒரு வீட்டில் இரண்டு அத்தான் இருந்தால்தான் என்ன என்று அந்த உற்சாகத்தில் அவருக்குத் தோன்றியது. ஆட்டத்தில் நிற்பது ஒரு கோல்கீப்பர்தான், இன்னொருவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. நாலு வருஷத்துக்குப் பிறகு அவள் இறங்கி வந்து பட்டறை வாசலில் நின்றாள். கையில் தட்டு, தட்டில் டீ. கொஞ்சம் இளைத்திருந்தாள். முகத்தில் இதுவரை அவர் பார்க்காத ஒரு அமைதி இருந்தது.

"டீ ஆறுது. போதும் உங்க சண்டை."

தட்டை வாங்க இரண்டு பேர் எழுந்தார்கள். கண்ணாடிக்காரர் எழுந்தது நியாயம். ஐஸ்காரர் எழுந்தது பழக்கம். பாதி எழுந்தவர், அந்த நிலையிலேயே கொஞ்சம் நின்று, கால்சட்டையில் ஒட்டின பிளாஸ்டர் தூசியைத் தட்டுவதுபோலத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தார். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். பல்லுக்காரன் கவனித்துவிட்டான். அவன் முகத்தில் இருந்த சண்டையெல்லாம் வடிந்து, பழைய உபசாரம் திரும்ப வந்து உட்கார்ந்தது.

"நல்லா இருக்கீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"இருக்கேன்."

கண்ணாடிக்காரர் தட்டை மேசையில் வைத்துவிட்டு, அவளுக்கு உட்கார இடம் பண்ணிக்கொடுத்தார். கோப்பைகளை எடுத்துக் கொடுக்கும்போது பல்லுக்காரன் முதல் கோப்பையை நீட்டி, "இந்தாங்க அத்..." என்று தொடங்கினான். கை பாதி வழியில் நின்றது. யாருக்கு நீட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஒரு பக்கம் இவர், ஒரு பக்கம் அவர். அக்காள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு கோப்பையை யார் கையிலும் கொடுக்காமல் மேசையின் நடுவில், ஆட்டக்காரர்களுக்கு மத்தியில் வைத்துவிட்டான்.

ஐஸ்காரர் அந்தப் பையனின் கையைப் பார்த்தார். பையன் என்ன பையன், நரை விழுந்துவிட்டது. இனி ஒவ்வொரு வருஷமும் இந்தக் கை இப்படித்தான் நடுவில் நிற்கப்போகிறது. தன் ஒரு சொல்லைக் காப்பாற்றிக்கொள்வதற்காக இந்த வீட்டில் நாலு பேரும் வியர்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவருக்கு அழுகை வந்தது, அழவில்லை.

"ஃபின்லாந்து டிஃபன்ஸ் விஷயம்" என்றார் மெதுவாக. "நீ சொல்றதுதான் சரி."

பல்லுக்காரன் நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன சொன்னீங்க?"

"சரின்னேன். நல்ல டிஃபன்ஸ்தான். நான் தோத்துட்டேன்."

"இல்ல, இல்ல. அதெப்படி? ஸ்விட்சர்லாந்து இன்னும் முடியல. நீங்க சும்மா விளையாட்டுக்குச் சொல்றீங்க, அது செல்லாது." பல்லுக்காரனின் குரல் உடைந்தது. "எதிர்த்துப் பேசுங்க. ஏதாவது பேசுங்களேன்."

"விடுடா" என்றாள் அவள். தம்பியைப் பார்த்துத்தான் சொன்னாள். "அந்த 'சரி' எனக்குத் தெரியும். அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஐஸ்காரருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆறின டீயை நின்றுகொண்டே குடித்தார். பல்செட்டைத் துடைத்து அலமாரியில் அதன் இடத்தில் வைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னார். அந்தப் பக்கம் அடிக்கடி பஸ் உண்டென்பது எல்லாருக்கும் தெரியும்.

"அடுத்த வருஷமும் வாங்கண்ணே" என்றார் கண்ணாடிக்காரர், வாசல் வரை வந்து. மனசாரத்தான் சொன்னார்.

"பாப்போம்" என்றார் ஐஸ்காரர். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "அந்த முக்காலிக்கு ஒரு கால் கட்டை. அடியில வச்சிருக்கற துண்ட எடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

முதல் ஆட்டம் வார நாளில், சாயங்காலம். தளத்தில் கூட்டம் இல்லை. அம்மா ஒருத்தி தன் பெண்ணுக்கு ஸ்கேட்டிங் ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள். ஐஸ்காரர் கையைக் கட்டிக்கொண்டு, சத்தம் குறைத்து வைத்த தொலைக்காட்சிக்குக் கீழே நின்று பார்த்தார். இரண்டாவது பகுதியில் லாட்வியா ஒரு கோல் போட்டது. அதன்பிறகு ஃபின்லாந்து அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. கோல்கீப்பர் சுவர்போல நின்றான். நேரம் குறையக் குறைய, ஒரே மூச்சில் நகர்ந்த அந்த ஐந்து பேருக்கும் கைகால் ஓடவில்லை. லாட்வியாதான் ஜெயித்தது; அவர் சொன்னது சொன்னபடி நடந்தது.

"நான் அப்பவே சொன்னேன்!" என்று கத்திவிட்டார். திரும்பிப் பார்த்தார். நாடா கட்டிக்கொண்டிருந்த அம்மா, பெண்ணைக் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

சட்டைப்பையில் போன் அடித்தது. சட்டென்று எடுத்தார்.

"பாத்தீங்களா?" என்றான் பல்லுக்காரன்.

"பாத்தேன்."

போனில் அவனுக்குப் பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர் யாரிடமோ, "அந்தக் கோடு தாண்டினா ஏன் விசில் அடிக்கிறாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்கிறவள் அவளேதான். அவளுக்கு இந்த விளையாட்டு இவ்வளவு தெரியுமென்று ஐஸ்காரருக்குத் தெரியாது. இத்தனை வருஷம் மாடியில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"நீங்க சொன்னதுதான் சரி" என்றான் பல்லுக்காரன். "இது உபசாரத்துக்கு இல்ல. நிஜமா. நீங்கதான் ஜெயிச்சீங்க."

"ம்."

அவன் எச்சில் விழுங்குவது கேட்டது. ஏதோ ஒரு சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு தவிக்கிறான் என்பது ஐஸ்காரருக்குப் புரிந்தது. சொல்லிப் பழகிப் பார்த்திருப்பான், கண்ணாடி முன்னால் நின்றுகூடச் சொல்லிப் பார்த்திருப்பான்.

"வச்சிடறேன்... அண்ணே."

அண்ணே. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மரியாதையான சொல். பஸ்ஸில் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்லும்போது சொல்வது. கடையில் மீதிச் சில்லறை கேட்கும்போது சொல்வது. கூடப் பிறந்தவனையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாமே என்று முயன்று பார்த்தார். ஒட்டவில்லை.

"சரிப்பா" என்றார்.

வண்டியில் ஏறினார். கத்தியை இறக்கினார், தண்ணீரைத் திறந்துவிட்டார். வேலியை ஒட்டிச் சுற்றி, அதற்கு உள்ளே சுற்றி, அதற்கும் உள்ளே சுற்றி, கடைசியில் நடுவில் ஒரு பட்டை மட்டும் மிஞ்சும். அதையும் பூசிவிட்டு அங்கேயே வண்டியை நிறுத்தினார். பின்னால் பனி கண்ணாடிபோல உறைந்துகொண்டிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. குளிரூட்டும் இயந்திரத்தின் இரைச்சலைத் தவிர வேறு சத்தமில்லை.

"ஜெயிச்சுட்டேன்டா மாப்ளே" என்று சொல்லிப் பார்த்தார்.

அந்தச் சின்னப் பெண் வேலிக்கு வெளியே, நாடா கட்டின காலோடு, எப்போது உள்ளே விடுவார்கள் என்று காத்துக்கொண்டு நின்றாள். அவர் வண்டியைக் கொட்டகைக்குள் விட்டுவிட்டு வந்து, கதவைத் திறந்துவிட்டார்.